குடிலன் மட்டுமா குற்றவாளி?

கோட்டை கட்டியாகிவிட்டது. பொருநை பாயும் நெல்லை நகரிலே நெடுமதில் எழும்பிவிட்டது. மதுரையைத் துறந்து வந்த பாண்டியன் சீவக வழுதி, தன் புதிய தலைநகரைப் பார்க்கிறான், பூரிக்கிறான். இனி எந்தப் பகைவன் வந்தாலும் இந்த மதிலிலே மோதி மண்டை உடையவேண்டியதுதான் என்று எண்ணி மகிழ்கிறான்.

நாடகம் முடிவதற்குள் பகைவன் வந்துவிடுகிறான். மதிலில் ஒரு கல்லைக்கூட அவன் பெயர்க்கவில்லை. வாயிற் கதவில் ஒரு கீறல்கூட இல்லை. நள்ளிரவிலே, அரண்மனையின் நடுவிலே, மணவறையிலே வந்து நிற்கிறான்! எப்படி வந்தான்? நிலத்தடிச் சுருங்கை வழியே வந்தான். வழி காட்டியவன் யார்? மன்னன் உயிரினும் மேலாக நம்பிய அமைச்சன் குடிலன்.

இதுதான் 'மனோன்மணீயம்'. இந்த நாடகத்தைப் படித்தோர் பலரும், படித்து முடித்தபின் ஒரு பெயரைத்தான் பழிக்கிறார்கள். 'குடிலன்' என்றாலே கொடுமை என்று பொருள் கொள்ளும் அளவுக்கு அவன்மீது வெறுப்பைக் கொட்டுகிறார்கள். கொட்டட்டும், தகுதியானவன்தான். ஆனால், தோழர்களே, நாம் ஒன்று கேட்கிறோம். குடிலன் மட்டுமா குற்றவாளி?

இதற்கு விடை காணுமுன், நூலின் வரலாற்றையும் நூலாசிரியரின் வரலாற்றையும் சற்று நோக்குவோம்.

மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. ஆக்கியவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். 1897இல், நாற்பத்திரண்டே வயதில் மறைந்தவர். வாழ்ந்தது சேர மண்ணில் என்றாலும், நெல்லைக்கும் அவருக்கும் உறவு உண்டு. 1870களின் பிற்பகுதியில், பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த நெல்லைப் பள்ளியிலே அவர் பணியாற்றினார். பொருநைக் கரையிலுள்ள கோடகநல்லூரைச் சேர்ந்த சுந்தர சுவாமிகளை ஆசானாகக் கொண்டார். நாடகத்தில் வரும் சுந்தர முனிவர், அந்த ஆசானின் நினைவாக எழுந்த பாத்திரமே. அந்த உறவை மறவாத நெல்லைச் சீமை, 1990இல் தனக்கெனப் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதற்கு மனோன்மணீயம் சுந்தரனார் பெயரையே சூட்டிக்கொண்டது.

அவர் வெறும் பாவலர் அல்லர், ஆய்வாளர். கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய மன்னர்களுக்குக் காலம் கணித்தார். திருஞானசம்பந்தர் எந்த நூற்றாண்டினர் என்பதைச் சான்று காட்டி நிறுவ முனைந்தார். 'பெரியோர் சொன்னார்கள்' என்பதோடு நிறைவடையாமல், கல் என்ன சொல்கிறது, காலம் என்ன சொல்கிறது என்று கேட்டவர். இதை மனத்தில் இருத்திக்கொள்வோம், பின்னர் பயன்படும்.

கதையின் கரு லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட ஓர் ஆங்கிலத் தொகுப்பிலுள்ள 'மறைவழி' என்னும் கதையிலிருந்து பெறப்பட்டது. ஆசிரியர் அதை மறைக்கவில்லை. கருவை அங்கிருந்து எடுத்தார். மண்ணை நெல்லையிலிருந்து எடுத்தார். உடலையும் உயிரையும் தமிழிலிருந்து கொடுத்தார். பெரும்பகுதி அகவற்பாவால் அமைந்த ஐந்து அங்க நாடகம் அது. மேடையைவிடப் படிப்பறைக்கே அதிகம் ஏற்றது என்று அறிஞர்கள் கூறுவதுண்டு. எனினும் 1942இல் மாடர்ன் தியேட்டர்சார் அதைத் திரைப்படமாக்கினர், பி. யு. சின்னப்பா நடித்தார். ஏட்டில் இருந்த குடிலனை ஏடறியாதவரும் அன்று கண்டனர்.

சீவக வழுதி வரலாற்றிலே வாழ்ந்த பாண்டியன் அல்லன்; கற்பனை மன்னன். ஆனால் பாண்டியர் மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கியது கற்பனை அன்று. 14ஆம் நூற்றாண்டில் மதுரை அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. பின்வந்தவர்கள் தென்பாண்டி நாட்டிலே, தென்காசியிலே, குறுகிய எல்லைக்குள் அரசு நடத்தினர். மெய்யான பாண்டியரைத் தெற்கே தள்ளியது படையெடுப்பு. நாடகத்துப் பாண்டியனைத் தள்ளியதோ பசப்புமொழி! எந்தப் படையும் வரவில்லை. அமைச்சன் சொன்னான், அரசன் புறப்பட்டான்.

ஏன் சொன்னான் குடிலன்? பழைய தலைநகரிலே பழைய வேர்கள் உண்டு. அங்கே தன் எண்ணம் எளிதில் ஈடேறாது. புதிய நகரிலே, புதிய கோட்டைக்குள்ளே மன்னனைத் தனியனாக்கிவிட்டால், அவன் கண்ணும் தானே, காதும் தானே. கோட்டை மன்னனைக் காப்பதற்கென்று மன்னன் நினைத்தான். மன்னனை அடைப்பதற்கென்று அமைச்சன் நினைத்தான்.

அதன்பின் நடப்பவற்றைச் சுருங்கக் கூறுவோம். சீவகனின் ஒரே மகள் மனோன்மணி. அவளுக்கேற்ற மணமகன் சேரமன்னன் புருடோத்தமனே என்று சுந்தர முனிவர் கூறுகிறார். தூது செல்லத் தக்கவன் நடராசன் என்றும் பரிந்துரைக்கிறார். குடிலன் குறுக்கிடுகிறான். நடராசனை விலக்கித் தன் மகன் பலதேவனைத் தூது அனுப்புகிறான். மணத்தூது போகவேண்டியது, நாஞ்சில் நாட்டின்மீது உரிமை பேசும் வம்புத்தூதாகப் போகிறது. சேரன் சீறுகிறான், போர் மூள்கிறது. களத்திலே பாண்டியன் தோற்கிறான். அவனைச் சாவிலிருந்து மீட்டவன் நாராயணன் என்னும் நேர்மையாளன். குடிலனோ, கோட்டைக் காவலைவிட்டு நீங்கினான் என்று அந்த நாராயணன்மீதே பழி சுமத்துகிறான். காத்தவனைக் கழுவில் ஏற்ற ஆணை பிறப்பிக்கிறான் காக்கப்பட்டவன்! நல்லவேளையாக அந்த ஆணை நிறைவேறவில்லை.

பின்னர் முனிவர் வருகிறார். அரண்மனையில் தமக்கென ஓர் அறையைக் கேட்டுப் பெற்றிருந்தாரே, அங்கிருந்து தம் இருப்பிடம்வரை சுருங்கை வழி அமைத்திருப்பதைச் சொல்கிறார். மனோன்மணியை அவ்வழியே அனுப்பிவிடு என்கிறார். மன்னன் இசைகிறான். ஆனால், அடுத்து என்ன செய்கிறான்? அந்த மறைவையும் குடிலனிடமே கொண்டுபோய்க் கொட்டுகிறான். குடிலன் கூறும் யோசனை, மகளை அனுப்புமுன் பலதேவனுக்கு மணமுடித்து அனுப்புவோம் என்பது. மன்னன் அதற்கும் தலையாட்டுகிறான். மணவேளை நெருங்கும்போதே குடிலன் சுருங்கை வழியே பகைவன் பாசறைக்கு ஓடிக் கோட்டையை விலைபேசுகிறான். வஞ்சகத்தை வெறுத்த சேரன் அவனுக்கு விலங்கு பூட்டி, வழிகாட்டச் சொல்லி, மணவறைக்கே வந்து சேர்கிறான். மனோன்மணி அவனைக் காண்கிறாள், மாலை சூட்டுகிறாள். உண்மை வெளிப்படுகிறது. மங்கலமாக முடிகிறது நாடகம்.

இனி நம் கேள்விக்கு வருவோம்.

சீவகனுக்கு நான்கு முறை வாய்ப்புக் கிடைத்தது. தலைநகரை மாற்றும்போது, 'ஏன்?' என்று கேட்டிருக்கலாம். தூதனை மாற்றும்போது, 'இதனால் யாருக்கு ஆதாயம்?' என்று கேட்டிருக்கலாம். நாராயணன்மீது குற்றம் சாற்றப்பட்டபோது, 'சான்று எங்கே?' என்று கேட்டிருக்கலாம். மகளை நள்ளிரவில் பலதேவனுக்குக் கட்டிக்கொடுக்கச் சொன்னபோது, 'சொல்பவன் அவன் தந்தை அல்லவா?' என்றாவது எண்ணியிருக்கலாம். நான்கு கேள்விகள். இவற்றைக் கேட்கப் பெரும்படை வேண்டாம், பெரும்புலமை வேண்டாம். உழவன் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறானே, அந்த அளவு எச்சரிக்கை போதும். மன்னனிடம் அது இல்லை.

சேக்சுபியரின் இயாகோவோடு குடிலனை ஒப்பிடுவார்கள். ஒப்புமை பொருந்தும். ஆனால் நாம் லியர் மன்னனையும் நினைவூட்டுகிறோம். இனிக்கப் பேசிய மகளிருக்கு நாட்டைக் கொடுத்துவிட்டு, உண்மை பேசிய கெண்ட்டை நாடுகடத்தியவன் லியர். இனிக்கப் பேசிய குடிலனுக்குச் செவியைக் கொடுத்துவிட்டு, உண்மை பேசிய நாராயணனைக் கழுமரத்துக்கு அனுப்பத் துணிந்தவன் சீவகன். இருவரும் கொடியவர் அல்லர். சீவகன் நல்லவன், இரக்கமுடையவன், மகள்மீது உயிரையே வைத்தவன். அதனால்தான் இந்த நாடகம் நமக்கு அச்சம் தருகிறது. கொடுங்கோலன் ஒரு நாட்டைக் கெடுத்தால் வியப்பில்லை. ஆராயாத நல்லவனும் அதே அளவு கெடுக்க வல்லவன் என்பதைச் சுந்தரனார் காட்டிவிட்டார்.

குடிலன் தானாக வளர்ந்தவன் அல்லன். புகழுரையை உணவாகக் கேட்கும் மன்னன் இருந்தான். பரிமாறக் குடிலன் வந்தான். அந்தக் குடிலன் செத்தால் இன்னொரு குடிலன் வருவான். ஆளைச் சிறையிலிடலாம், அவன் விளைந்த நிலத்தை என்ன செய்வது?

சீவகன் என்னும் பெயர் சீவனைக் குறிக்கும், குடிலன் என்பது கோணலான மாயையைக் குறிக்கும், முனிவர் அருளைக் குறிப்பார் என்று இந்த நாடகத்துக்குத் தத்துவப் பொருள் கூறுவோர் உண்டு. ஆசிரியர் தத்துவப் பேராசிரியர். ஆதலால் அந்தப் பொருளுக்கும் இடமுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொருளோடு நின்றுவிட்டால் ஓர் ஆபத்து இருக்கிறது. மாயையால் விளைந்தது என்று சொல்லிவிட்டால் மன்னன் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறான். கழுமரம் நாட்டப்பட்டது மாயையால் அன்று, மன்னன் ஆணையால்!

குறையையும் கூறத்தான் வேண்டும். சான்று தேடிக் கல்வெட்டுகளை ஆராய்ந்த பேராசிரியர், நாடகத்தின் முடிச்சைக் கனவைக் கொண்டு அவிழ்க்கிறார். மனோன்மணி புருடோத்தமனைக் கனவிலே காண்கிறாள். அவனும் அவளைக் கனவிலே காண்கிறான். நேரில் கண்டதும் அறிந்துகொள்கிறார்கள். பழங்கதை மரபு இது. கலைக்கு உரிமை உண்டு என்று விட்டுவிடலாம். ஆனால் வாழ்க்கைக்கு வழியாகக் கொள்ள முடியாது. சீவகன் பிழைத்தது தன் அறிவால் அன்று, பகைவன் பண்பாளனாக இருந்ததால்! புருடோத்தமன் இடத்தில் இன்னொரு குடிலன் இருந்திருந்தால், அந்த மணவறை பிணவறையாகியிருக்கும். மங்கல முடிவின் அடியிலே இந்தத் துயரம் புதைந்து கிடக்கிறது. பார்க்கத் தெரிந்தவர் பார்ப்பார்.

முனிவரையும் விட்டுவிட முடியாது. அவர் நல்லவர், தன்னலமற்றவர். ஆயினும் அவர் செய்தது என்ன? கோட்டையின் குறையை ஊரறியச் சொல்லித் திருத்தவில்லை. தமக்கு மட்டும் தெரிந்த மறைவழி ஒன்றை அமைத்தார். நல்ல நோக்கத்தோடுதான் அமைத்தார். ஆனால், மறைவழிக்கு நல்லவன் கால், தீயவன் கால் என்று வேற்றுமை தெரியுமா? மனோன்மணியைக் காக்க வெட்டிய வழியிலேதான் குடிலன் காட்டிக்கொடுக்க ஓடினான். மக்கள் அறியாமல் செய்யப்படும் ஏற்பாடு எதுவாயினும், செய்தவர் எத்தகையவராயினும், ஒருநாள் அது குடிலன் கைக்குப் போய்ச் சேரும். அரசியல் பயில விரும்பும் இளைஞர் இந்த ஒரு பாடத்துக்காகவே இந்த நாடகத்தைப் படிக்கலாம்.

மேலும், குடிலனைக் கண்மூடி நம்பிய மன்னனுக்கு மருந்து, முனிவரைக் கண்மூடி நம்புவதா? நம்பும் ஆளை மாற்றினால் போதுமா, நம்பும் முறையை மாற்றவேண்டாமா? நாடகம் முன்னதையே காட்டுகிறது. நாம் பின்னதைக் கேட்கிறோம்.

பெண்களைப் பார்ப்போம். மனோன்மணியின் தோழி வாணி. அவள் உள்ளம் நடராசனிடம். அவள் தந்தை சகடனுக்கோ குடிலனின் செல்வத்தின்மேல் கண். பலதேவனுக்கு மகளைக் கொடுத்துவிடத் துடிக்கிறான். மன்னனும் சகடன் பக்கமே. தந்தை ஒருபுறம், வேந்தன் மறுபுறம், நடுவே ஒரு தனிப் பெண். அவள் 'மாட்டேன்' என்கிறாள்!

அந்தச் சொல்லின் எடையை அறிய அந்த ஆண்டை எண்ணிப் பார்க்கவேண்டும். 1891இல்தான், மனைவியோடு கூடுவதற்குரிய வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் வந்தது. பன்னிரண்டு என்பதற்கே பழமைவாதிகள் பதறி எழுந்தனர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னே, 1887இல், சிறுவயதில் தன்னைக் கட்டிவைத்த கணவனோடு வாழமாட்டேன் என்ற ரக்மாபாயை நோக்கி, பம்பாய் நீதிமன்றம், கணவன் வீடு செல் அல்லது ஆறு திங்கள் சிறை செல் என்றது. சிறைக்கே செல்வேன் என்றார் அந்த வீராங்கனை. அத்தகைய நாளிலே, தமிழ் நாடகத்திலே, ஒரு வாணி தன் மணத்தைத் தானே முடிவு செய்ய நின்றாள். அதே ஐரோப்பாவில் இப்சனின் நோரா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறியது 1879இல். பன்னிரண்டே ஆண்டுகள்தான் இடைவெளி.

ஆனால் தலைவி மனோன்மணியோ, தந்தையின் துயர் துடைக்கப் பலதேவனுக்கும் கழுத்தை நீட்ட இசைகிறாள். இசையும்போது அவள் கேட்பது ஒன்றே: வாணி நடராசனை மணக்கத் தடை நீங்கவேண்டும். தன் விருப்பத்தைத் தீயிலிட்டு, தோழியின் விருப்பத்தை மீட்கிறாள். நெஞ்சம் நெகிழ்கிறது. நெகிழ்ந்த பின்னும் நாம் கேட்கிறோம்: தந்தை செய்த பிழைக்கு விலையாக மகள் ஏன் தரப்படவேண்டும்? தோழியின் உரிமை அவளுக்கும் உரியதல்லவா? தலைவியைப் போற்றுவோம், தோழியைப் பின்பற்றுவோம். சடங்கும் புரோகிதரும் இன்றி, இருவர் உள்ளம் ஒப்பிச் செய்துகொள்ளும் மணத்துக்குத் தமிழகம் 1967இல் சட்ட ஏற்பு அளித்ததே, அந்த நெடும்பயணத்தில் வாணியின் மறுப்பும் ஒரு காலடிதான்.

இறுதியாக நடராசன். தூது போகவிடாமல் தடுக்கப்பட்டவன், காதலியைச் சேரவிடாமல் விலக்கப்பட்டவன். அவன் வயலோரத்தில் நின்று என்ன பார்க்கிறான்? புல்லைப் பார்க்கிறான், வாய்க்காலைப் பார்க்கிறான், நாங்கூழ்ப் புழுவைப் பார்க்கிறான். காலில் மிதிபடும் அந்தப் புழு, மண்ணை உண்டு மண்ணைப் பொடியாக்கி, உழவனுக்கு ஊதியமில்லாத ஏவலனாக உழைப்பதை எண்ணி வியக்கிறான். டார்வின் மண்புழுவைப் பல்லாண்டு நோக்கி, அது மண்ணை உருவாக்கும் திறத்தை விளக்கிய நூல் வெளிவந்தது 1881இல். பத்தாண்டுக்குள் தமிழ் நாடகத்தின் இளைஞன் ஒருவன், புழுவின் முன் குனிந்து அறிவைத் தேடுகிறான்!

இங்கேதான் சீவகனுக்கு மாற்று இருக்கிறது. சீவகன் தன் எதிரே நின்ற மனிதனையும் உற்று நோக்கவில்லை. நடராசன் காலடியில் கிடந்த புழுவையும் உற்று நோக்கினான். ஒருவனிடம் முடி இருந்தது. மற்றவனிடம் விழி இருந்தது. பொருநை நீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயல்தோறும் பாயும் அந்த மண்ணிலே, யார் உழைப்பால் நெல் விளைகிறது என்று கேட்கத் தெரிந்தவன் அவனே. கோட்டையைப் பார்த்து மகிழ்ந்த மன்னன், அந்தக் கோட்டைக்குச் சோறிட்ட வயலைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த நாடகத்தின் தொடக்கத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதி 1970இல் தமிழக அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று. 2021இல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. எழுந்து நிற்கிறோம், பாடுகிறோம், அமர்கிறோம். நன்று. ஆனால் வாயிலில் நின்று வணங்கிவிட்டு வீட்டுக்குள் நுழையாமல் திரும்புவது போல, வாழ்த்தைப் பாடிவிட்டு நாடகத்தைப் படிக்காமல் விடுவோர் எத்தனை பேர்! பாடலைப் பெற்றுக்கொண்ட நாம், அது எச்சரிக்கும் பாடத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டாமா?

குடிலன் மட்டுமா குற்றவாளி? இல்லை. கேட்காத சீவகனும் குற்றவாளி. நம் ஊரிலே, நம் மன்றத்திலே, நம் அமைப்பிலே, காதுக்கு இனியது கேட்டால் கைதட்டிவிட்டு, கசப்பானது கேட்டால் முகம் சுளிக்கும் ஒவ்வொரு வேளையும் நாம் ஒரு சுருங்கையைத் தோண்டுகிறோம். மக்களாட்சியிலே முடி ஒரு தலையில் இல்லை; எல்லார் தலையிலும் இருக்கிறது. ஆகவே சீவகனின் பிழையும் இனி ஒரு மன்னன் பிழையாக நிற்காது. ஊர்ப் பிழையாகும், நாட்டுப் பிழையாகும்.

மதிலை உயர்த்துவோர் உயர்த்தட்டும். தோழர்களே, நீங்கள் கேள்வியை உயர்த்துங்கள். நாராயணன் பேசும்போது செவி கொடுங்கள். வாணி மறுக்கும்போது துணை நில்லுங்கள். நடராசனைப்போல் மண்ணையும் உற்று நோக்குங்கள். அப்படிப்பட்ட நாட்டிலே குடிலன் பிறந்தாலும், அவன் கைக்கு ஒரு திறவுகோலும் கிட்டாது.